பச்சை பத்தில் ஒரு கறுப்புக் கொடி

கப்பல் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டிய சாமான்கள் என்று கல்லூரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். வெள்ளைச் சீருடை இரண்டு செட், கறுப்பு ஷூ, ஷூ பாலிஷ், கொண்டைக்கு வலை, ஊசி நூல், டார்ச், நோட்டு, பேனா என்று போய்க்கொண்டே இருந்து கடைசியில் வாந்தி மாத்திரை என்று முடிந்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். வாந்தி மாத்திரை வந்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

“இன்னாது? வாந்தி மாத்திரையா? மீன்காரன் பொண்ணுக்கா? வெளிய சொல்லிடாத பாப்பா, மானம் போயிடும்.”

அப்பா பாண்டிச்சேரி வீராம்பட்டினத்தில் பைபர் போட்டு, அதாவது பைபர் படகு, சொந்தமாக வைத்திருப்பவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கடலுக்குப் போகிறார். அம்மா அந்த மீனைப் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம், தேசிய மாணவர் படையில் கடற்படைப் பிரிவு. அதில் சேர்ந்ததற்கு தேசபக்தி, வீரம் என்றெல்லாம் கதை விட மாட்டேன். அந்த வெள்ளைச் சீருடை எனக்குப் பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது அப்பாவின் முகம் போன போக்கு அதைவிடப் பிடித்திருந்தது. அதற்கப்புறம்தான் கடற்படை அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசை வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, சோறு தண்ணி இறங்காத அளவுக்கு வந்தது.

கோடை விடுமுறையில் எங்கள் பிரிவிலிருந்து மூன்று பெண்களைப் பன்னிரண்டு நாள் ஒரு பயிற்சிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். பெண்கள் கப்பலில் தங்கிப் பயிற்சி எடுக்கப் போனது எங்கள் பிரிவில் அதுதான் முதல் தடவை. பயிற்சி முடிந்ததும் கப்பலில் ஆளுக்கு ஒரு நடத்தைத் தாள் எழுதிக் கொடுப்பார்கள். மூன்று தாளில் எது நன்றாக இருக்கிறதோ அந்த ஒருத்தியின் பெயரை அதிகாரித் தேர்வுக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒருத்தி நான்தான் என்று அப்பா முடிவே செய்துவிட்டார். எங்கள் தெரு, ஏலம் விடுகிற இடம், ஐஸ் கம்பெனி, டீக்கடை என்று ஒரு இடம் பாக்கியில்லாமல் சொல்லியும் வைத்துவிட்டார். நான் போய் ஏறுவதற்கு முன்னாலேயே ஊரில் என் பெயர் ஆபீசர்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் எங்களை வறுத்தெடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் கடற்படையிலிருந்து வந்த ஒரு இன்ஸ்ட்ரக்டர். குள்ளமான மனிதர், தொண்டை மட்டும் ஆறடி. கப்பலில் ஏறும்போது எங்கே சல்யூட் அடிக்க வேண்டும், இறங்கும் ஏணியில் ஏன் முகத்தை ஏணிப் பக்கம் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும் என்று தினமும் பாடம். பாக்கெட்டில் கை விட்டால் அன்றைக்கு மைதானம் மூன்று சுற்று. எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழு ஐம்பத்தைந்துக்கு நிற்க வேண்டும், எட்டுக்கு வந்தவள் லேட். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று நிறுத்தக் கூடாது, ‘தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் சார்’ என்று சொல்ல வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. “இது உங்க மீன் மார்க்கெட் இல்லம்மா” என்று ஒரு தடவை சொன்னார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். ஆறு சுற்று.

அம்மா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பையை நான் தாளில் சொன்னபடி மடித்து அடுக்கி வைத்திருந்தேன். அம்மா எனக்குத் தெரியாமல் ஷூ வைக்கும் துணிப்பைக்குள் நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் போட்டுச் சுற்றிச் செருகிவிட்டார். கப்பலில் ஏறிய அன்றே சாமான் சோதனை. மூன்று பேரும் பைகளைத் திறந்து வைத்து விறைப்பாக நிற்கிறோம். சோதனைக்கு வந்தவர் என் பைக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஷூவைத் தூக்கினார், கருவாடு வந்தது. “இது எந்தப் பட்டியலில் இருக்கிறது?” என்று இங்கிலீஷில் கேட்டார். “தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் சார்” என்றேன். பாடம் அப்படி மனப்பாடம் ஆகியிருந்தது. அவர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கருவாடு சமையலறைக்குப் போனது, அங்கே இருந்த ஆந்திராக்காரர் அதை வறுத்து எங்கள் மேசைக்கே அனுப்பினார். அம்மாவை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

வாந்தி மாத்திரை விஷயத்தில் அப்பாவின் மானத்தை நான் காப்பாற்றவில்லை. சென்னைத் துறைமுகத்தைத் தாண்டிக் கப்பல் ஆட ஆரம்பித்ததும் முதல் வாந்தி என்னுடையது. எங்கள் வீட்டில் பெண்கள் யாரும் போட்டில் ஏறியதில்லை, நான் கடலுக்குள் போனதே அதுதான் முதல் தடவை. அப்பாவின் கணக்கில் கடல் என் ரத்தத்தில் இருந்தது, வயிற்றுக்கு அது தெரியவில்லை. கூட வந்த டவுன் பெண்தான் என் முதுகைத் தடவிவிட்டாள். அவள் வீட்டில் பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்கள். அழகாக இங்கிலீஷ் பேசுவாள், ஷூவில் முகம் பார்க்கலாம், வாயில் கேலி மட்டும் நிற்காது. “மீன்காரிக்கே வாந்தின்னா நாங்கள்லாம் என்னடி பண்றது?” என்றாள். மறுநாள் அவள் வாந்தி எடுத்தபோது நான் முதுகைத் தடவிக்கொண்டே அந்தக் கேலியை வட்டியோடு திருப்பிக் கொடுத்தேன். காரைக்காலிலிருந்து வந்த மூன்றாவது பெண் ஒரு நாளும் வாந்தி எடுக்காமல் எங்கள் இரண்டு பேர் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஆனால் கண் விஷயத்தில் என்னை அடிக்க ஆளில்லை. விடியற்காலையில் அம்மாவோடு கரையில் நின்று வளர்ந்தவள் நான். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே எது எங்கள் போட்டு, எது பெரியப்பா போட்டு என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அம்மா ஐசுக்கும் ஆட்டோவுக்கும் சொல்லுவார். கப்பலின் மேல்தளத்தில் கப்பலை ஓட்டும் அறையின் இரண்டு பக்கமும் ஆள் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் என்ன பட்டாலும் அதிகாரியிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். கப்பலின் மூக்கிலிருந்து வலது பக்கம் என்றால் பச்சை, இடது பக்கம் என்றால் சிவப்பு, எத்தனை டிகிரி விலகி இருக்கிறதோ அந்த எண். ‘பச்சை நாற்பது, மீன்பிடிப் படகு, இரண்டு மைல்’ என்று சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும். முதல் நாளே மற்றவர்கள் பைனாகுலரில் பார்ப்பதை நான் வெறும் கண்ணால் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! அந்தப் படகு சுறா வலைக்குப் போகிறது, இது வெறும் கையோடு வருகிறது, அந்த ஆள் இஞ்சினை மாற்ற வேண்டும் என்று கதை கதையாகச் சொன்னேன்.

சாப்பிடும்போது டவுன் பெண் எல்லார் முன்னாலும் கேட்டாள், “ஏன்டி, கடல்ல இருக்கிறவங்க எல்லாரும் உனக்கு மாமனா?” அங்கே இருந்த பயிற்சி அதிகாரிகளுக்கும் அதை இங்கிலீஷில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். வம்புக்குச் சொன்னதில்லை, விளையாட்டுக்குத்தான். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி கடலில் சொந்தக்காரர்களைத் தேடுவதில்லை. கேட்டதற்குப் பதில், தேவையானது மட்டும் பேச்சு. அதிகாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அது வெட்கம். அந்த வயசில் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

எட்டாவது நாள் காலை, கப்பல் தெற்கிலிருந்து வடக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. எட்டு மணிக் காவலில் வலது பக்கம் நான், இடது பக்கம் டவுன் பெண். காவல் அதிகாரி ஒரு இளம் வடநாட்டுக்காரர், நல்ல மனிதர், எங்களோடு மரியாதையாகப் பேசுவார். டவுன் பெண் குரல் கொடுத்தாள், “சிவப்பு பதினைந்து, மீன்பிடிப் படகு, ஒன்றரை மைல்!” நானும் பைனாகுலரை வைத்து எட்டிப் பார்த்தேன். நீலமும் மஞ்சளும் அடித்த பைபர் போட்டு, இரண்டு பேர். ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் வலையின் மறுமுனை எங்கே? என் பக்கம் தேடினேன். பச்சை பத்தில், மிதவையில் நட்ட மூங்கில் கழியில் ஒரு கறுப்புக் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

கொடிக்கும் போட்டுக்கும் நடுவே தண்ணீருக்குள் முழு வலை கிடக்கிறது. கோலம் போட்ட வாசலில் யாரும் சொல்லாமலே சுற்றிப் போவோமே, அந்த மாதிரி எங்கள் ஊரில் இது யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடி தெரிந்தால் கொடிக்கு வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா? தெரியாமல் ஓட்டுவார்களா? சொல்லலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் மறுபடி மாமன் கதை. வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி போட்டுக்கு நிறைய இடம் விட வேண்டும் என்று நினைத்துக் கப்பலைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பச் சொன்னார். பார், தெரிந்தவர்தான், கொடியைச் சுற்றப் போகிறார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. கப்பல் திரும்பியது. கொடி வரைக்கும் திரும்பவில்லை. போட்டுக்கும் கொடிக்கும் நடுவே நேராக மூக்கை வைத்து அப்படியே போக ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த அறையில் இருக்கும் ஒருத்தருக்கும் அந்தக் கொடி என்னவென்று தெரியாது. போட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று துண்டை எடுத்து வீசினார்.

“வலை! வலை கெடக்குது! நிறுத்துங்க! ஐயோ நிறுத்துங்கய்யா!”

படித்த பாடம், இங்கிலீஷ், பச்சை, சிவப்பு எல்லாம் போய்விட்டது. பெரிய மார்க்கெட்டில் அந்தக் கோடியில் இருக்கும் ஐஸ்காரரைக் கூப்பிடும் தொண்டையில் கத்தினேன். அதிகாரி திகைத்துத் திரும்பினார். “நெட் சார், நெட்!” என்று கையைக் காட்டினேன். அவர் உடனே இஞ்சினை நிறுத்தச் சொன்னார். கப்பல் என்ன ஆட்டோவா, பிரேக் பிடிக்க? கறுப்புக் கொடி சாய்ந்தது, கொஞ்ச தூரம் தண்ணீரில் இழுபட்டது, அப்புறம் காணவில்லை.

கப்பல் மெதுவாகச் சுற்றித் திரும்பி போட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அதிகாரி ஒலிபெருக்கி மைக்கை என் கையில் கொடுத்து, யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கச் சொன்னார். “அண்ணே! யாருக்காச்சும் அடிபட்டுச்சாண்ணே?” என்று கேட்டேன். போட்டில் இருந்தவருக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. கப்பல் தமிழில் பேசும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! என் அப்பா, தாத்தா, அவர்களுக்கு முந்தினவர்கள், கப்பலைக் கட்டினவன் என்று ஒருவர் பாக்கியில்லை. காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியதால் ஒரு வார்த்தை சிந்தாமல் வந்து சேர்ந்தது. “என்ன சொல்கிறார்கள்?” என்று அதிகாரி கேட்டார். “அடி ஒன்றும் இல்லையாம் சார். வருத்தப்படுகிறார்கள்” என்றேன். போட்டின் பக்கவாட்டில் இருந்த எண்ணை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.

கப்பலிலிருந்து கரைக்குத் தகவல் சொன்னார்கள். அதற்கப்புறம் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததை எழுத வேண்டும், வலது பக்கக் காவல் ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், “வெயில் உன் கண்ணில் அடித்ததா? அந்தப் பக்கம்தானே சூரியன்?” நல்ல மனசோடுதான் கேட்டார். ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை போதும், தாள் தப்பித்திருக்கும். ஆனால் கண் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் கண்தான்.

“இல்லை சார். ஐந்து நிமிஷம் முன்னாலேயே பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்” என்றேன். வெட்கப்பட்டதைச் சொல்லவில்லை. சொன்னது பாதி உண்மைதான்.

கப்பல் தலைவர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. வெள்ளைப் பலகையில் போட்டு, வலை, கொடி எல்லாவற்றையும் வரையச் சொல்லி, காவல் அதிகாரிகள் அத்தனை பேரையும் வரவழைத்து உட்கார வைத்தார். பகல் கொடி எப்படி இருக்கும், இரவில் என்ன விளக்கு வைப்பார்கள், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அதிகாரிகள் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். டவுன் பெண்ணும் எழுதினாள், அன்றைக்கு ஒரு கேலியும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தன் தட்டிலிருந்த குலாப் ஜாமூனை என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் நினைத்தேன், சரி, இனி தாளில் நல்லதாகவே எழுதுவார்கள்.

எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் கையில் வந்த தாளில், சுறுசுறுப்பு நன்று, நேர்மை மிக நன்று, காவல் பணியில் கண்டதை அறிவிக்கவில்லை என்று இருந்தது. சிபாரிசு டவுன் பெண்ணுக்குப் போனது. அவள் இன்று அதிகாரி. வெள்ளைச் சீருடையில் போட்டோ எடுத்து எனக்குத்தான் முதலில் அனுப்புவாள், நானும் ஏதாவது நக்கலாகப் பதில் போடுவேன். நான் பாண்டி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பொருள்களில் குறை கண்டுபிடித்து எழுதும் வேலையில் இருக்கிறேன். தாளில் எழுதியது நியாயம் என்று இப்போது சொல்ல முடிகிறது. அன்றைக்கு ஊருக்குத் திரும்பிய ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி விழுப்புரம் வரைக்கும் அழுதேன், வழி நெடுக உலகத்தில் எல்லார் மேலும் கோபம்.

பாண்டியில் இறங்கி நேராகப் பெரிய மார்க்கெட் போனேன், அம்மா அங்கேதான் இருப்பார். மீன் பக்கம் நுழைந்ததுமே, “எம்மா, ஆபீசர் வந்துட்டாங்கடி, எழுந்து நில்லுங்கடி!” என்று ஒரு அக்கா கத்தினார். அத்தனை பேரும் செதில் ஒட்டிய கையோடு எழுந்து சல்யூட் அடித்தார்கள். அம்மா முகமெல்லாம் பல். நான் பதிலுக்குச் சல்யூட் அடித்தேன், வேறென்ன செய்ய? அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றி, அப்பா தூங்காமல் காத்திருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அப்பா கடலிலிருந்து வந்து குளித்து, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா, வாந்தி எடுத்தாயா என்று எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டி, “தாளக் குடு” என்றார். வாங்கித் தலைகீழாக இல்லாமல் சரியாகப் பிடித்துப் பார்த்தார். அஞ்சாங்கிளாஸ் படிப்பு, இங்கிலீஷ் ஓடாது. “இன்னா எழுதியிருக்கான், படி” என்றார்.

நான் என்ன படித்தாலும் அவருக்கு அதுதான் தாள். முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது அது முடியவில்லை. மூன்றாவதையும் படித்து, நடந்ததைச் சொன்னேன். கொடி பச்சை பத்தில் தெரிந்தது, போட்டு நீலமும் மஞ்சளும், டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று எல்லாம் சொன்னேன். கப்பலில் சொன்னபோது தாள் போய்விடுமே என்ற பயம்தான் இருந்தது. இங்கே சொன்னபோது அந்தப் போட்டில் அப்பாவே இருந்தது போல இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எந்தக் கப்பலோ எங்கள் வலையையும் அறுத்துக்கொண்டு போனது. அன்றைக்குக்கூட அவர் பெரிதாகத் திட்டவில்லை, வெறும் கயிற்றோடு வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார்.

“நீ பாத்தியா?” என்றார்.

“பாத்தேம்பா.”

“பாத்துட்டுத்தான் சொல்லலயா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“கப்பல் மேல நிக்கிறவனுக்கு நம்மளக் கண்ணு தெரியலன்னுதான் பாப்பா இத்தினி வருஷமா மனச ஆத்திக்கிட்டிருந்தேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். குரல் உயரவே இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் போட்டு எண் என்ன என்று கேட்டார். கோணல் எழுத்தைப் படித்துச் சொன்னேன். போனை எடுத்துத் தெரிந்தவருக்குப் போட்டார், அவர் இன்னொருவர் நம்பரைக் கொடுத்தார், அவர் சங்கத்தில் விசாரித்துவிட்டுக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் கடலூருக்குத் தெற்கே ஒரு ஊரில் அந்த நீல மஞ்சள் போட்டுக்காரர் கிடைத்துவிட்டார். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார்.

“அண்ணே வணக்கம். பாண்டி வீராம்பட்டினத்துலேர்ந்து பேசறேன். போன வாரம் காலையில உங்க வலைய ஒரு கப்பலு அறுத்துச்சே...”

“ஆமா, அறுத்துச்சு. நீங்க யாருங்க?”

“அந்தக் கப்பல்லேர்ந்துதாண்ணே பேசறேன்” என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா தன் போட்டைத் தவிர எதிலும் ஏறியதில்லை. அப்பா நிறுத்தாமல் தொடர்ந்தார். தன்னிடம் கட்டி முடித்த புது வலை ஒன்று இருக்கிறது, இன்னும் தண்ணீரில் நனைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கொண்டுவந்து தருகிறேன், மறுக்கக் கூடாது என்றார். அந்த வலையை அவர் நாலு மாசமாகக் கட்டியது எனக்குத் தெரியும். “கொடியப் பாத்தது எம்பொண்ணுண்ணே. அவகிட்ட குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாரு, அன்னிக்கு மைக்குல பேசுச்சே, அந்தப் பொண்ணா?” என்றது குரல். “அய்யய்யோ, கண்டபடி திட்டிப்புட்டேனேம்மா.”

“திட்டுனது சரிதாண்ணே. நான் கொடியப் பாத்தேன். பாத்தும் சொல்லல.”

“ஏம்மா? நீ நம்ம ஆளுதான? உனக்குத் தெரியாததா?”

தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று இதற்குச் சொல்ல முடியாது. கப்பலிலும் அப்பாவிடமும் சொல்லாமல் விட்ட அந்தப் பாதிதான் இதற்குப் பதில். அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். ஸ்பீக்கரை அணைக்கவும் கை வரவில்லை.

“நம்ம ஆளுன்னு சொல்லிக்க வெக்கமா இருந்துச்சுண்ணே” என்றேன்.

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவில்லை.